மாலி மலோனை மெதுவாகப் பாடியவர்

டப்ளினிலிருந்து தெற்கே பிரே போகும் டார்ட் ரயிலில் ஏறுகிறவர்கள் இடப்பக்கம் உட்கார வேண்டும். கடல் அந்தப் பக்கம். இது தெரியாமல் நான் வலப்பக்கம் உட்கார்ந்து, வீடுகளின் கொல்லைப்புறங்களையும் கொடியில் காயும் துணிகளையும் பார்த்துக்கொண்டே போனேன். டன் லீரி தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் வண்டி நின்றது. பள்ளத்தில் வெட்டிய பாதை, இரு பக்கமும் சுவர். பலகையில் கிளெனகியரி என்று இருந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஹாக்கி மட்டையோடு இறங்கிப் போனாள். பாடகி ஷினேட் ஓ'கானர் சிறு வயதில் வளர்ந்த பகுதி இது. சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. கதவு மூடி வண்டி கிளம்பிவிட்டது.

டால்கிக்கு அப்புறம் ஒரு சுரங்கம். அதைவிட்டு வெளியே வந்ததும் கில்லைனி விரிகுடா ஒரேயடியாகக் கண்ணில் வந்து விழுகிறது. நான் கழுத்தை வளைத்துப் பார்ப்பதைக் கண்ட எதிர்ப்பக்கத்து அம்மாள் ஒன்றும் பேசாமல் தன் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாறி உட்கார்ந்தேன்.

ஷினேட் என்றால் நம்மில் பலருக்கு நினைவில் இருப்பது இரண்டு விஷயம். ஒன்று, பிரின்ஸ் எழுதி 1990-இல் இவர் பாடி உலகமெங்கும் ஓடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ'. மொட்டைத்தலை, பெரிய கண்கள், கன்னத்தில் இறங்கும் இரண்டு சொட்டுக் கண்ணீர். மற்றொன்று, 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் நேரடி நிகழ்ச்சியில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்துப் போட்டது. குழந்தைகள் மீது பாதிரிமார்கள் செய்த கொடுமைகளை அயர்லாந்தே வாய்விட்டுப் பேசாத காலம் அது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. என்னை இந்த ரயிலில் ஏற்றிவிட்டது இந்த இரண்டும் இல்லை. 2002-இல் வந்த ஓர் இசைத்தொகுப்பு.

2004 வாக்கில் பெங்களூரில் என் அறை நண்பன் அலுவலக வேலையாக லண்டன் போய்வந்தான். நான் கேட்டிருந்த ஜாஸ் தட்டு கிடைக்கவில்லை என்று, கடையில் தள்ளுபடியில் கிடந்த ஒரு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் இருந்த பெயரை இருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. 'ஷான் நோஸ் நூவா' என்று சொல்ல வேண்டும் என்பதே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஷான் நோஸ் என்றால் ஐரிஷ் மொழியில் பழைய பாணி. நூவா என்றால் புதிய. புதிய பழைய பாணி. தலைப்பிலேயே ஒரு வம்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொகுப்பில் பதின்மூன்று பாட்டு. எல்லாமே அயர்லாந்தில் பல்லு முளைக்காத பிள்ளைக்கும் காதில் விழுந்து பழகியவை, அல்லது பழகியவை போலத் தோன்றுகிறவை. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்திப் பாட வைத்தது, கல்யாண வீட்டில் மாமா நாலு கிளாஸ் உள்ளே போன பிறகு எடுத்துவிட்டது, சுற்றுலாப் பேருந்தில் ஒலிபெருக்கி கத்தியது. ஒரு ராக் பாடகிக்கு இவற்றைத் தொடுவது ஆபத்து. கேட்கிறவர்களுக்கு ஏற்கெனவே அலுத்துப்போன சரக்கு. இசையை அமைக்க இரண்டு கைகள். ஒன்று டோனல் லனி. பிளாங்ஸ்டி குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், கிரேக்க நாட்டு புசூக்கியை ஐரிஷ் வாத்தியமாகவே மாற்றியவர்களில் ஒருவர். மற்றது ஏட்ரியன் ஷெர்வுட். லண்டனில் ஜமைக்கா டப் இசையை, அதாவது எதிரொலியையும் அடிவயிற்றில் அதிரும் பேஸையும் வைத்தே வாழ்ந்தவர். வயலினுக்கு வாட்டர்பாய்ஸ் குழுவின் ஸ்டீவ் விக்கம். இந்தக் கூட்டணி திடீரென்று முளைத்ததில்லை. 1990-லேயே ஷினேட், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஓர் ஐரிஷ் புலம்பலின் ஆங்கில வடிவத்தை ஜேம்ஸ் பிரவுன் பாட்டிலிருந்து எடுத்த டிரம் துண்டின் மேல் வைத்துப் பாடியிருந்தார். அதன் முடிவில் வரும் வயலினும் விக்கம் வாசித்ததுதான்.

பிரேயில் இறங்கினால் நேரே கடற்கரை நடைபாதை. மணல் இல்லை, கூழாங்கல். அலை திரும்பும்போது கற்கள் உருண்டு, அரிசி களையும்போது வருமே, அந்தச் சத்தம் எழுகிறது. இந்தக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு வீட்டில் ஷினேட் பதினைந்து வருடம் போல வாழ்ந்தார். 2023 ஜூலை 26 அன்று லண்டனில் இறந்தார், வயது 56. ஆகஸ்ட் 8 அன்று இந்த நடைபாதை முழுக்க ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நின்றார்கள். சவ ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பழைய வோக்ஸ்வேகன் வேன் போனது. கூரையில் ஒலிபெருக்கிகள், அதில் பாப் மார்லி. 2018-இல் அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்ததால் தொழுகையை நடத்தியவர் ஓர் இமாம். ஐரிஷ் பெண், முஸ்லிம் தொழுகை, ஜமைக்கா பாட்டு. இதில் எதையும் வேடிக்கை என்று அந்த ஊர்க்காரர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது இயல்பாகவே இருந்திருக்கிறது. 'ஷான் நோஸ் நூவா'வில் பேஸ் கிடார் ஏன் அப்படி அதிர்கிறது என்பதற்கும் அந்த வேனுக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொகுப்பு முடிந்து மூன்றே வருடத்தில் கிங்ஸ்டன் போய் முழுக்க ரெகே பாட்டுகளாலான ஒரு தொகுப்பைப் பதிவு செய்தவர் அவர்.

நடைபாதையின் தெற்கு முனையில் பிரே ஹெட் என்ற குன்று. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. மேலே பறக்கும் விமானிகளுக்கு இது நடுநிலை நாடு என்று தெரிவிக்க, கடற்கரை நெடுகக் குன்றுகளில் வெள்ளைக் கற்களால் 'ஏரே' என்று நாட்டின் பெயரைப் பெரிதாகப் பதித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பிரேயின் எண் 8. போருக்குப் பிறகு புதர் மூடி அது காணாமல் போனது. 2018 கோடையில் குன்றில் தீப்பிடித்துப் புதரெல்லாம் எரிந்த பிறகு அந்த எழுத்துகள் மறுபடி வெளியே வந்தன. ஷினேட்டின் இறுதி ஊர்வலத்துக்கு முன்னால் அதே பாணியில், அதே குன்றில், 'ஏரே', பக்கத்தில் ஓர் இதயம், அடுத்து 'ஷினேட்' என்று வெள்ளையில் பதித்திருந்தார்கள். நான் போன அன்று மேகம் இறங்கிக் குன்று பாதிதான் தெரிந்தது. குடை காற்றில் இரண்டு தடவை திரும்பிக்கொண்டது. மூன்றாவது தடவை கம்பி முறிந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்தேன்.

மறுநாள் டப்ளினில், அந்தத் தொகுப்பில் பாட்டாக வரும் மாலி மலோனைப் பார்க்கப் போனேன். ஜீன் ரைன்ஹார்ட் செய்த வெண்கலச் சிலை. 1988-இல் நகரத்தின் ஆயிரமாண்டுக் கொண்டாட்டத்தையொட்டி கிராஃப்டன் தெருவில் வைத்தார்கள். டிராம் பாதை வேலை வந்ததும் 2014-இல் பக்கத்திலுள்ள சஃபோக் தெருவுக்கு நகர்த்தினார்கள். தள்ளுவண்டி, கூடைகள், கழுத்து இறங்கிய சட்டை. மார்பைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, வருகிற ஒவ்வொருவரும் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் மட்டும் கறுப்பு போய்ப் பித்தளைக் குத்துவிளக்கு போல மினுங்குகிறது. நான் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம், ஒரு தேனிலவு ஜோடி, பேரனைத் தூக்கிக் கை வைக்கச் சொன்ன ஒரு தாத்தா. பக்கத்தில் கிடார் வைத்திருந்த இளைஞன் அவள் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். கூட்டம் சேர்ந்து கைதட்டியது.

அந்தப் பாட்டின் கதை என்ன? டப்ளின் தெருக்களில் தள்ளுவண்டியில் மட்டியும் சிப்பியும் கூவி விற்கிற ஒரு பெண். அவள் அப்பா அம்மாவும் அதே தொழில். காய்ச்சல் வந்து செத்துப்போகிறாள். அவள் ஆவி இன்னும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிகிறது. அவ்வளவுதான். 1883-இல் அமெரிக்காவில் அச்சான பாட்டு, அடுத்த வருடம் லண்டனில் வந்த பதிப்பில் ஆசிரியராகப் போட்டிருப்பது எடின்பரோக்காரர் ஒருவர் பெயரை. டப்ளினின் கொடிப்பாட்டு போல ஆகிவிட்ட இதற்கு டப்ளினில் பிறந்ததற்கான சான்று கிடையாது. அப்படி ஒரு மாலி வாழ்ந்ததற்கும் நிச்சயமான சான்று இல்லை.

அன்றிரவு இணையத்தில் முன்பதிவு செய்திருந்த 'பாரம்பரிய இசை இரவு' ஒன்றுக்குப் போனேன். விடுதியின் பெயர் வேண்டாம். ஆட்டுக்கறி ஸ்டூ, கறுப்பு பியர், நாலு பேர் மேடையில். நன்றாகவே வாசித்தார்கள், குறை சொல்ல முடியாது. மூன்றாவது பாட்டு மாலி மலோன். மேசைகளைத் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். காய்ச்சலில் அவள் சாகிற இடம் வந்தபோது தட்டல் உச்சத்தில் இருந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் விசிலடித்தார்.

ஷினேட் பாடியதை அந்த இரவுக்குப் பிறகு விடுதி அறையில் மறுபடி கேட்டேன். பல வருடம் கேட்டதுதான். மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போகிறது. தாளம் போடக் கைக்கு இடமில்லை. கூவி விற்கும் சொற்களைக் கூவாமல் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொல்கிறார். காய்ச்சல் வரும்போது அது காய்ச்சல். சாவு வரும்போது சாவு. செத்துப்போன ஒரு தெருக்காரப் பெண்ணுக்கு அதே ஊர்ப் பெண் ஒருத்தி பாடும் ஒப்பாரி என்று நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் உறைக்காத பாட்டு, வேகத்தைக் குறைத்ததும் உறைக்கிறது. வேகத்தைக் குறைத்தால் எல்லாப் பாட்டும் சோகமாகிவிடும் என்று ஒரு நண்பர் கிண்டல் செய்தார். சரி, முயன்று பாருங்கள். சொல்லை நம்பாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் கொட்டாவிதான் வரும்.

பாய்ட்டின் ஃபெலிமி என்று ஒரு பாட்டு, இதே தொகுப்பில் பத்தாவது. அயர்லாந்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும். வடமேற்கே டோனகல் கடலில் ஃபெலிமியின் சின்னப் படகு கோலா தீவுக்குப் போகிறது, டோரி தீவுக்குப் போகிறது. பிள்ளைகள் துள்ளிக்கொண்டு பாடுவார்கள். கடைசியில் படகு டோரியில் உடைகிறது. உடைகிற இடத்தையும் துள்ளிக்கொண்டேதான் பாடுவார்கள். ஷினேட் பாடும்போது அந்தப் படகில் ஓர் ஆள் இருக்கிறான் என்பது நினைவுக்கு வருகிறது. மூன்றாவது பாட்டு, வடதுருவக் கடலில் பாதை தேடி 1845-இல் இரண்டு கப்பல்களில் புறப்பட்டு 129 பேரும் திரும்பாத பிராங்க்ளின் பயணத்தைப் பற்றியது. இரண்டாவது கப்பலின் தலைவன் குரோஷியர் அயர்லாந்தின் பான்பிரிட்ஜ் ஊர்க்காரன். ஷினேட் அதைப் பாடியபோது கப்பல்கள் கிடைத்திருக்கவில்லை. எரிபஸ் 2014-இலும் டெரர் 2016-இலும் கனடாவின் பனிக்கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. பெக்கி கார்டன் என்ற பெண்ணுக்காக உருகும் காதல் பாட்டில் பெண் பெயரை ஆண் பெயராக மாற்றாமல் அப்படியே பாடுகிறார். இதில் புரட்சி ஒன்றும் இல்லை. ஐரிஷ் மரபில் பாடுகிறவர் ஆணா பெண்ணா என்பதற்காகப் பாட்டின் பாலை மாற்றுகிற வழக்கம் கிடையாது. பாட்டில் யார் பேசுகிறார்களோ அவர்கள்தான் பேசுகிறார்கள், பாடகர் வாயைக் கொடுக்கிறார், அவ்வளவே.

மெரியன் சதுக்கத்தில் 73-ஆம் எண் வீட்டில் ஐரிஷ் பாரம்பரிய இசைக் காப்பகம் இருக்கிறது. 1987-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் காசில்லாமல் கேட்கலாம். ஷினேட்டின் தொகுப்பில் பிளாங்ஸ்டி பாடகர் கிறிஸ்டி மூரோடு சேர்ந்து பாடும் 'லார்ட் பேக்கர்', பன்னிரண்டு நிமிடம் ஓடும் கதைப்பாடல், எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் போனேன். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பழைய இசைத்தட்டின் பதிவைப் போட்டுக் கொடுத்தார்கள். ஜான் ரைலி. தளர்ந்த, எந்தப் பயிற்சியும் தொடாத குரல். வாத்தியம் இல்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

ரைலி, டிராவலர் என்று அழைக்கப்படும் நாடோடிச் சமூகத்தவர். தகரப் பாத்திரம் செய்வதும் ஓட்டை அடைப்பதும் தொழில். அந்தச் சமூகத்தைத் தனி இனக்குழுவாக அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்டதே 2017 மார்ச்சில்தான். ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற ஊரில் ரைலி வறுமையில் இருந்தபோது, நாட்டார் பாடல் சேகரிப்பாளர் டாம் மனெலி தேடிப் போய்ப் பதிவு செய்தார். வாய்மொழியில் அழிந்துபோய்விட்டதாக அறிஞர்கள் நினைத்திருந்த கதைப்பாடல்கள் அந்தத் தகர வேலைக்காரரிடம் முழுசாக இருந்தன. 1969-இல் ரைலி இறந்தார். ஐம்பது வயதைத் தொடவில்லை. அவர் பாட்டுகளின் இசைத்தட்டு வெளிவந்தது 1978-இல். கிறிஸ்டி மூர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டுகள் பிளாங்ஸ்டி வழியாக நாடு முழுக்கப் போயின, அங்கிருந்து ஷினேட்டுக்கு.

கானலி நிலையத்தில் ஸ்லைகோ ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் பாயில். இறங்கினேன். ஆறு, கல்பாலம், கூரை இழந்த 12-ஆம் நூற்றாண்டு மடாலயம். ரொட்டிக் கடைக்காரரிடம் ஜான் ரைலி வாழ்ந்த இடம் எது என்று கேட்டதற்கு எந்த ரைலி என்றார். அந்த ஊரில் ரைலிகள் நிறைய. பாடகர் என்றேன். உள்ளே திரும்பி யாரையோ கேட்டார். வயதானவர் ஒருவர் மாவுக் கையோடு வெளியே வந்து, தெருமுனையைக் காட்டி, இப்போது அங்கே ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து லார்ட் பேக்கரைக் கேட்டேன். ஊர் சுற்றக் கப்பலேறும் ஒரு பிரபு துருக்கி தேசத்தில் சிறைப்படுகிறான். அவனைச் சிறைவைத்தவனின் மகள் சாவியைத் திருடி அவனை விடுவிக்கிறாள். ஏழு வருடம், அதற்கு மேல் இன்னும் ஏழு வருடம், இருவரும் வேறு யாரையும் மணப்பதில்லை என்று சத்தியம். ஏழு வருடம் கழிந்து அடுத்த ஏழும் ஓடுகிறது. அவள் தேடி வருகிறாள். வாசல் காவலாளி, இன்று எஜமானருக்குக் கல்யாணம் என்கிறான். அவள் கேட்பது ஒரு துண்டு கல்யாண கேக்கும் ஒரு கிளாஸ் மதுவும், தன்னை நினைவிருக்கிறதா என்று ஒரு சொல்லும். கிறிஸ்டி மூரும் ஷினேட்டும் மாறி மாறிச் சொல்கிறார்கள். நாடகம் போடவில்லை. காவலாளியின் வாயில் கேலி இல்லை, அவள் வாயில் அழுகை இல்லை. நடந்தது இது என்று சொல்கிற குரல். துருக்கி சிறையும் பிரபுவும் ஒரு தகர வேலைக்காரருக்கு எதற்கு என்று முதலில் தோன்றியது. வாசலில் நின்று கேட்பது என்றால் என்னவென்று அந்தச் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று பிறகு தோன்றியது.

ஸ்லைகோ வந்து, அங்கிருந்து பேருந்தில் கால்வே, கால்வேயிலிருந்து மேற்கே கானமாரா. அங்கே கார்னா என்ற ஊருக்குப் போக வேண்டிய பேருந்தை, நேர அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைப் பார்த்துவிட்டுத் தவறவிட்டேன். ஒரு நாள் வீண். மறுநாள் போகும் வழியெல்லாம் கருங்கல்லும் சதுப்பும் தண்ணீரும். கடல் எது ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நிலம் கிழிந்து கிடக்கிறது. ஊர்ப்பலகைகளில் ஐரிஷ் மட்டும். புகைபோக்கிகளிலிருந்து சதுப்புக் கரி எரியும் வாசம், கொஞ்சம் ஈர வரட்டி எரிவதுபோல்.

அசல் ஷான் நோஸ் இங்கே இருக்கிறது. வாத்தியம் கிடையாது. ஒருவர் தனியாக, பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் பாடுவார். தாளக் கட்டு இல்லை, சொல்லின் போக்கில் மெட்டு நீளும் குறுகும். ஒரே சரணத்தைப் போல் அடுத்த சரணம் வராது, கமகம் மாதிரி சிறு சிறு சுழிப்புகள் இடம் மாறும். ஐரிஷ் மொழியில் ஒருவரைப் பாடச் சொல்ல 'அபர் அவ்ரான்' என்பார்கள். பாட்டுச் சொல்லு என்று அர்த்தம். நம் வீடுகளில் வாத்தியார் பாட்டுச் 'சொல்லி'க்கொடுக்கிறார் என்கிறோமே, அதே வினை.

இந்த ஊர் தந்த பெரிய பாடகர் ஜோ ஹீனி. 1919-இல் பிறந்தவர். பிழைப்புக்கு ஸ்காட்லாந்து, லண்டன், கடைசியில் நியூயார்க். மன்ஹாட்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சீருடை போட்டு வாசற்கதவு திறந்துவிடும் வேலை. 1982-இல் அமெரிக்க அரசு நாட்டார் கலைஞர்களுக்கான தேசிய விருதைக் கொடுத்தது. 1984-இல் சியாட்டிலில் இறந்தார். பாடுவதற்கு முன்னால் பாட்டின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். கதை தெரியாமல் மெட்டைக் கேட்டு என்ன பயன் என்பது அவர் கட்சி. உடலை ஊருக்குக் கொண்டுவந்து கடலோரம் மைராஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். போய்ப் பார்த்தேன். காற்றில் நிற்க முடியவில்லை.

அன்று இரவு விடுதியோடு ஒட்டிய சாராயக் கடையில் ஆறேழு பேர். பாட்டு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கிழவர் கால்பந்தைப் பற்றிய பேச்சின் நடுவே கண்ணை மூடினார். தொடங்கிவிட்டார். கடைக்காரப் பெண் குளிர்பெட்டியின் விசையை அணைத்தாள், அது உறுமுமாம். இரண்டாவது சரணத்தில் பக்கத்து ஆள் கிழவரின் வலக்கையைப் பற்றி, திரிகை சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை விடவில்லை. உணர்ச்சி முற்றும் இடத்தில் சுற்றல் நின்று கை இறுகியது, பிறகு மறுபடி சுற்றியது. கடைசி நாலு சொற்களைக் கிழவர் பாடவில்லை. சாதாரணக் குரலில் பேசி முடித்தார், கடையில் உப்பு கேட்கிற மாதிரி. யாரோ 'மோ ஹ்யோல் ஹூ' என்றார்கள். நீதான் என் இசை என்று பொருள். நம் சபாஷ் மாதிரி. கால்பந்துப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கடைக்காரப் பெண்ணிடம் ஷினேட்டின் தொகுப்பைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும்.

"பேரு தப்பு" என்றாள் முதலில். "பதின்மூணுல ரெண்டே பாட்டுதான் ஐரிஷ். டிரம் வேற."

"பிடிக்காதா?"

"எங்க அம்மா சமையலறையில அதைப் போட்டுட்டா நாங்க யாரும் பேசக்கூடாது" என்றாள். "அம்மாவுக்குப் பாட வராது. கேட்டுக்கிட்டே உருளைக்கிழங்கை வேகவிட்டுக் கருக்கிடுவாங்க."

பேர் தப்பு என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஷான் நோஸ் என்று ஒரு கட்டுப்பாடான கலை இருக்கும்போது அதன் பெயரை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டியது வம்பு. சில பாட்டுகளில் எதிரொலி கூடிப்போய்க் குரலை மூடுகிறது. 'ஓரோ' என்று தொடங்கும் பாட்டு, 16-ஆம் நூற்றாண்டுக் கடல்ராணி கிரான்யாவை வரவேற்பதாக பாட்ரிக் பியர்ஸ் திருத்தி எழுதியது. 1916 எழுச்சிக்காக பியர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் பாட்டை எத்தனை பெரிய பாடகர் எடுத்தாலும் அணிவகுப்பு வாசம் போகாது. இங்கேயும் போகவில்லை. ஆனால் அந்தக் கிழவரின் கையைப் பிடித்துச் சுற்றிய ஆளைப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. சுழிப்பும் மொழியும் வாத்தியமின்மையும் பழைய பாணியின் உடல். பாடுகிறவர் கதையை நம்ப வேண்டும், கேட்கிறவர் கையைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உயிர். ஷினேட்டிடம் உடல் இல்லை, உயிர் இருந்தது. அந்தக் கிழவரும் அவரும் ஒரே தொழில் செய்கிறவர்கள்.

அயர்லாந்தில் இரவு முடியும்போது பாடுவது 'தி பார்ட்டிங் கிளாஸ்', விடைபெறும் கோப்பை. கல்யாணம், சாவு, கச்சேரி எதுவானாலும் கடைசிப் பாட்டு அதுதான். இசைத்தட்டு போடுகிறவர்களும் அதைக் கடைசியில் வைப்பார்கள். ஷினேட் ஒன்பதாவதாக வைத்திருக்கிறார். பெங்களூரில் என் அறை நண்பன் அது முடிந்ததும் தொகுப்பு முடிந்துவிட்டது என்று எழுந்து போய் விளக்கை அணைத்தான். அதற்கப்புறம் நாலு பாட்டு இருக்கிறது. கேட்க நினைக்கிறவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பன்னிரண்டாவதில் தொடங்குங்கள், பன்னிரண்டு நிமிடம் யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்து. அது முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கடைசிப் பாட்டு ஒன்று பாக்கியிருக்கிறது. பெல்ஃபாஸ்ட் தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது பாடுவது.